அகமதாபாத் கோட்டை நகரத்துக்குள் ஒரே ஒரு நாள்: மாமியாரோடும் மகளோடும் எங்கே போகலாம்?

சோமனூர் தறிவீடு:

வணக்கமுங்க. டிசம்பர் கடைசியில அகமதாபாத் வர்றோம். வீட்டுக்காரருக்கு நெசவு மெஷின் பாக்கற வேலை. காலையில கிளம்பினா ராத்திரிதான் ரூமுக்கு வருவாரு. நானும் மாமியாரும் எட்டாவது படிக்கற மகளும் ஒரு நாள் முழுக்க சும்மா இருப்போம். ரூம் கலுப்பூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல.

யாரைக் கேட்டாலும் காந்தி ஆசிரமம், ரிவர் ஃப்ரண்ட், காங்கரியா ஏரி, அடாலஜ் படிக்கிணறுன்னு அடுக்கறாங்க. கார் வெச்சா எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிரலாமாம். எனக்கு அப்படி ஓட விருப்பமில்லைங்க. மகளுக்குப் பழைய கோட்டை நகரம் மட்டும் பாத்தாப் போதும். யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த முதல் இந்திய நகரம்னு எங்கியோ படிச்சிட்டு, அந்த மதில் மேல சைக்கிள் ஓட்ட முடியுமான்னு தினமும் நச்சரிக்கறா. சீனாவுல ஒரு ஊர்ல ஓட்டறாங்களாம்.

மாமியாருக்கு அறுபத்தெட்டு வயசு. முட்டி வலி இருக்கு. கோயில்னா மட்டும் வலி தெரியாம நடப்பாங்க. வெங்காயம், பூண்டு சேத்துக்க மாட்டாங்க. நான் துணி பாக்கணும். வாங்கறதுக்கு இல்லீங்க, பாக்கறதுக்குத்தான்.

அந்த ஊர்லயே இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க.

மணிநகர் மாமா:

சோமனூரம்மா, முதல்ல பாப்பாவை அந்த சைக்கிளிலிருந்து இறக்கிவிடுவோம். இங்கே மேலே ஏறி நடக்கிற மாதிரி மதில் கிடையாது. முதலாம் அகமது ஷா 1411-இல் சபர்மதியின் கிழக்குக் கரையில் ஊரை உண்டாக்கினார். ஊரைச் சுற்றி வளைத்த பெரிய மதில் அவருடைய பேரன் மகமூத் பேகடா எழுப்பியது என்பார்கள். சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவு, 12 வாசல். போன நூற்றாண்டில் பெரும்பகுதியை இடித்து ரோடு போட்டுவிட்டார்கள். ஆற்றோரம் கான்பூர் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வாசல்கள் தப்பித்துவிட்டன. தில்லி தர்வாஜா, ராய்ப்பூர், அஸ்தோடியா எல்லாம் நடுரோட்டில் நிற்கின்றன, நாலு பக்கமும் ஆட்டோ. உங்கள் ரூம் பக்கமே கலுப்பூர் வாசலும் சாரங்பூர் வாசலும் உண்டு, போகிற வழியில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கென்று வண்டி வைத்து வாசல் வாசலாகச் சுற்றுவது வீண் வேலை.

2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது மதிலுக்காக இல்லை. மதிலுக்குள்ளே இருக்கிற போள்களுக்காகவும் சுல்தான்கள் காலத்துக் கட்டடங்களுக்காகவும். போள் என்றால் ஒரே வாசல் வைத்த தெரு. ஒரு சாதி, ஒரு தொழில், ஒரு குலதெய்வம் என்று கூடி வாழ்ந்தவர்கள் ராத்திரி வாசற்கதவை அடைத்துவிட்டுத் தூங்குவார்கள். ஊருக்கு மதில், தெருவுக்குக் கதவு. ஊர் மதில் போன பிறகும் தெருக்கதவுகள் நிறைய நிற்கின்றன. நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நான் மணிநகரில் பிறந்து வளர்ந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து மில் வேலைக்கு வந்தவர். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டுகிற பொறுப்பு என் தலையில்தான் விழும். நான் கூட்டிப் போகிற வழியைச் சொல்கிறேன்.

காலையில் கலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் ஆரம்பியுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஏறினால் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் இறங்கிவிடலாம். அந்த சம்பிரதாயத்துக்கே முதல் கோயில் அது, 1822. மரத்தூண்களில் இருக்கிற வேலைப்பாட்டையும் அவற்றுக்கு அடித்திருக்கிற வண்ணத்தையும் பார்த்தால் மாமியாரம்மா அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். உட்காரட்டும். கழிப்பறை வசதியை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் அதற்குத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

மாநகராட்சியே நடத்துகிற பாரம்பரிய நடை அந்தக் கோயிலிலிருந்துதான் காலையில் புறப்படுகிறது. 1997-இலிருந்து நடக்கிறது. கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும், இரண்டரை மணி நேரம் பிடிக்கும். வழிகாட்டி ஆங்கிலமும் இந்தியும் பேசுவார். முதல் நாளே நேரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தனியாகவும் போகலாம், ஆனால் முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்தச் சந்துகளில் பத்தடிக்கு ஒரு திருப்பம். முட்டுச்சந்து என்று நினைத்துத் திரும்பினால், அதன் மூலையில் ஒரு வீட்டுக் கதவு மாதிரித் தெரிவதுதான் அடுத்த போளுக்குப் போகிற ரகசிய வழியாக இருக்கும். கலகம், கொள்ளை என்று வந்தால் தப்பி ஓடுவதற்கு வைத்தது. பாப்பாவுக்கு சைக்கிளுக்குப் பதில் இதைக் காட்டுங்கள்.

வழியில் கவி தலபத்ராம் வீடு இருந்த இடம் வரும். வீடு போய்விட்டது, முகப்பு மட்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். திண்ணையில் கவிஞர் உட்கார்ந்திருக்கிற மாதிரி வெண்கலச் சிலை. பையன்கள் அவர் மடியில் பையை வைத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் திட்டுவதில்லை. ஹாஜா படேல் போளில் காலா ராம்ஜி கோயில் இருக்கிறது. கறுப்பு ராமர், அதுவும் உட்கார்ந்த கோலத்தில். மாமியாரம்மா மறக்காமல் பார்க்க வேண்டிய இடம் அது.

அதற்கப்புறம் தோஷிவாடா போள். அங்கே ஹர்குன்வர் சேட்டாணி மாளிகை. இந்த அம்மாளைப் பற்றித் துணிக்காரரான உங்களுக்குச் சொல்லாமல் விட முடியாது. தில்லி தர்வாஜாவுக்கு வெளியே ஹத்தீசிங் ஜைனக் கோயில் என்று வெள்ளைப் பளிங்கில் ஒன்று உண்டு. அதை ஆரம்பித்த சேட் ஹத்தீசிங் பாதியிலேயே செத்துப்போனார். அவர் மனைவியான இந்த அம்மாள் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு, கோயிலையும் 1848-இல் முடித்துக் காட்டினார். மாளிகையின் மேல்மாடியைத் தாங்குகிற மரக்கொடுங்கைகள் ஒவ்வொன்றையும் அண்ணாந்து பாருங்கள். அடியில் கடை, தலைக்குமேல் மின்கம்பி, ஏசி மெஷின், எல்லாம் உண்டு. அதையெல்லாம் கண்ணாலேயே ஒதுக்கிவிட்டுப் பார்க்கிற பழக்கம் இந்த ஊரில் தேவை.

பிறகு ஃபெர்னாண்டஸ் பாலம், பழைய பங்குச் சந்தைக் கட்டடம், அதைத் தாண்டினால் மாணேக் சௌக். அங்கே மாணேக்நாத் என்கிற சாமியாரின் சமாதி இருக்கிறது. கதை இது: அகமது ஷா பகலெல்லாம் தன் கோட்டைக்கு மதில் கட்டுவார், சாமியார் பகலெல்லாம் பாய் முடைவார். ராத்திரி சாமியார் பாயைப் பிரிப்பார், மதில் சரிந்துவிடும். அவ்வளவு சக்தி இருந்தால் இந்தச் சின்னக் குடுவைக்குள் புகுந்து காட்டுங்கள் என்றாராம் சுல்தான். சாமியார் புகுந்தார், சுல்தான் மூடியை அடைத்துவிட்டார். நெசவு வீட்டுப் பாப்பாவுக்கு இந்தக் கதை பிடிக்கும், எந்தக் கட்சி எடுப்பாள் என்றும் எனக்குத் தெரியும்.

ஜும்மா மசூதி 1424. பெரிய முற்றம், உள்ளே 260 தூண். முகப்பின் இரண்டு பக்கமும் மினார் பாதியில் நின்றுவிட்டது போலத் தெரியும். 1819 நிலநடுக்கத்தில் மேல்பகுதி விழுந்துவிட்டது. மாமியாரம்மா தயங்கினால் முற்றத்து நிழலில் உட்காரட்டும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டால் போதும். தூண்களைப் பார்த்ததும் "நம்மூர்க் கோயில் மண்டபம் மாதிரி இருக்கே" என்பார்கள். பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோயில் கட்டிப் பழகிய குஜராத்திச் சிற்பிகளின் கைதான் அங்கேயும் வேலை செய்திருக்கிறது.

பன்னிரண்டுக்குள் ரூமுக்குத் திரும்பிப் படுங்கள். இதை நான் கட்டளையாகவே சொல்வேன். மத்தியானமும் சுற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் சாயங்காலம் யாரோடும் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

நாலு மணிக்கு லால் தர்வாஜா பக்கம் சிதி சையத் மசூதி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஹபஷி வம்சத்துப் பிரபு ஒருவர் கட்டியது, 1573. அதோடு குஜராத் சுல்தான்களின் ஆட்சி முடிந்து அக்பர் கைக்கு ஊர் போய்விட்டது. மேற்குச் சுவரில் கல் சன்னல், ஒரு பனைமரமும் அதைச் சுற்றிப் படர்கிற கொடிமரமுமாக. ஐஐஎம் அகமதாபாத்தின் சின்னம் அதிலிருந்து எடுத்ததுதான். சாயங்கால வெயில் அந்தச் சன்னலுக்குப் பின்னாலிருந்து வரும், அதனால்தான் நாலு மணி என்கிறேன். ரொம்பச் சின்ன மசூதி. தொழுகைக் கூடத்துக்குள் பெண்களை விடுவதில்லை, ஆனால் முன்பக்கம் முழுக்கத் திறந்த வளைவுகள். முற்றத்தில் நின்றாலே சன்னல் தெரியும். பிறகு பின்பக்கத்து ரோட்டிலிருந்தும் ஒரு தடவை பாருங்கள்.

அங்கிருந்து பத்ரா கோட்டை, பத்ரகாளி கோயில், மூன்று வளைவு வைத்த தீன் தர்வாஜா. அங்கே சுவர் மாடத்தில் ஒரு விளக்கு எரியும். லட்சுமி ஊரை விட்டுப் போக இருந்தபோது, நான் திரும்பி வரும்வரை இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் போன முஸ்லிம் கொத்தவால் (நகரக் காவல் தலைவர்), திரும்பி வரவே கூடாது என்று தன் தலையைத் தானே வெட்டிக்கொண்டாராம். அதனால் லட்சுமி இன்னும் போகவில்லை. அந்த விளக்கைத் தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பம் ஏற்றி வருகிறது.

ராத்திரிக்கு மறுபடி மாணேக் சௌக். நகைக்கடைகள் சாத்தின பிறகு அதே இடத்தில் மேஜை நாற்காலி போட்டுச் சாப்பாட்டுக் கடை வந்துவிடும். எந்தக் கடையிலும் "ஜெயின்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் இல்லாமல் பாவ் பாஜி வரும், உருளைக்குப் பதில் வாழைக்காய். மாமியாரம்மாவுக்கு இதைவிடத் தோதான ஊர் இந்தியாவில் இல்லை. தோசை மட்டும் வாங்காதீர்கள். அரைக் கட்டி வெண்ணெயைக் கல்லிலேயே போட்டு, அதன்மேல் மசாலாவைக் கொட்டிக் கொத்திவிடுவார்கள். குஜராத்திகள் ஆசையாகச் சாப்பிடட்டும், நமக்கு வேண்டாம்.

நவரங்கபுரா நித்யா:

மாமா சொன்ன வழி நல்ல வழி. ரெண்டு இடத்துல மட்டும் எனக்கு ஒத்துவரல.

ஒண்ணு, அந்த மாநகராட்சி நடை. முட்டி வலிக்காரங்களுக்கு அது வேகம் ஜாஸ்தி. குழுவுல இருபது பேர் இருந்தா வழிகாட்டி நிக்க மாட்டாரு. என் அம்மா வந்தப்ப ஃபெர்னாண்டஸ் பாலம் வர்றதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் பின்தங்கிட்டோம். போள் வீடுகளுக்கு வாசல்ல திண்ணை இருக்கும், அதுல உக்காந்துட்டா உள்ளேருந்து யாராவது தண்ணி கொண்டு வந்து கொடுப்பாங்க. அங்க இருக்கற பாட்டிகளுக்கு உங்க மாமியார் எந்த ஊர், எத்தனை பசங்கன்னு தெரிஞ்சுக்காம தூக்கம் வராது. மொழி தெரியாமலே அரை மணி நேரம் பேசிடுவாங்க. அந்த அரை மணி குழுவோட போனா கிடைக்காது. பாப்பா மட்டும் குழுவோட போகட்டும்னு சொல்லவும் முடியாது. அதனால தனியா ஒரு வழிகாட்டியைப் பேசி வெச்சுக்கிட்டா நிதானமா போகலாம்.

இன்னொண்ணு, ராணி நோ ஹஜீரோவை மாமா மொத்தமா விட்டுட்டாரு! ஆம்பளைங்க எல்லாருமே விட்டுடறாங்க. மாணேக் சௌக்குக்குப் பக்கத்துல சுல்தான் வீட்டு ராணிகளோட கல்லறை. மேடையைச் சுத்திப் படியெல்லாம் கடை. நவராத்திரிக்குப் போடற சணியா சோளி, கண்ணாடி வெச்ச கச்சி வேலைப்பாடு, ஆக்ஸிடைஸ்டு நகை, சாப்பிட்டதும் வாயில போட்டு மெல்லற முக்வாஸ். முதல்ல சொல்ற விலையில பாதிக்கும் கீழ கேளுங்க, வெக்கப்படாதீங்க. கஜம் கணக்குல துணி பாக்கணும்னா தீன் தர்வாஜா பக்கம் டால்கர்வாட். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தின பாந்தனி, மரக்கட்டையில அச்சடிச்ச அஜ்ரக், பட்டோலா பட்டு மாதிரி நெய்தது எல்லாம் வரிசையா இருக்கும். "பாக்கறதுக்குத்தான்"னு எழுதியிருக்கீங்க, எல்லாரும் அப்படித்தான் போறோம்.

நெசவு வீட்டுக்காரங்க காலிகோ துணி அருங்காட்சியகத்தைப் பாக்காம போறது எனக்கு வருத்தமா இருக்கும். அது ஷாஹிபாக்ல, கோட்டை நகரத்துக்கு வெளிய. முன்பதிவு இல்லாம உள்ள விட மாட்டாங்க. இன்னொரு பாதி நாள் கிடைச்சா பாருங்க, இல்லைன்னா இந்த நாளோட சேக்காதீங்க.

அப்புறம், தோசை விஷயத்துல மாமா பேச்சைக் கேக்காதீங்க. பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுங்க. சாக்லேட், சீஸ், அன்னாசி மூணும் ஒண்ணா வெச்ச சாண்ட்விச்சும் அங்க கிடைக்கும். ஊருக்குப் போய்க் கதை சொல்ல வேண்டாமா?

மரத்தூண்:

நான் இங்கே செப்ட் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறேன், ஊர் திண்டுக்கல். வரைபடம் எடுக்கப் போள் வீடுகளுக்குள் அடிக்கடி போகிறோம். பாப்பாவுக்காக இரண்டு விஷயம் மட்டும்.

சந்து ஏன் இவ்வளவு குறுகல் என்று அவள் கேட்பாள். மே மாதம் இங்கே 44, 45 டிகிரி போகும். சந்து குறுகினால் ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டுச் சுவரில் விழும். வீட்டுக்கு நடுவில் வானம் பார்த்த முற்றம், சூடு அதன் வழியாக மேலே போய்விடும். முற்றத்துக்கு அடியில் 'டாங்கா' என்கிற நிலத்தடித் தொட்டி. மொட்டை மாடியில் விழுகிற மழைத் தண்ணீரைக் குழாய் வழியாக அதில் இறக்கி, வெளிச்சமே படாமல் மூடி வைத்து, வருஷம் முழுக்கக் குடித்தார்கள். வழிகாட்டியிடம் கேட்டால் திறந்து காட்டுகிற வீடு ஒன்றுக்குக் கூட்டிப் போவார்.

அடுத்தது மரம். செங்கல் சுவருக்கு ஊடே தேக்குச் சட்டங்களை வைத்துப் பிணைத்திருப்பார்கள். நிலம் ஆடினால் சட்டகம் கூடவே ஆடிவிட்டு நிற்கும். 2001 குடியரசு நாளன்று புஜ் பக்கம் வந்த நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் விழுந்து ஆட்களைக் கொன்றது முக்கியமாகப் புதிய கான்கிரீட் அடுக்குமாடிகள்தான். இன்று போள் வீடுகளை உடைப்பது நிலநடுக்கம் இல்லை. பாகப் பிரிவினை, பூட்டிக் கிடக்கிற வீடு, குடோனாக மாற்றுவது, அப்புறம் பழைய மரத்தூணுக்கு நல்ல விலை கொடுக்கிற வியாபாரிகள். நீங்கள் போகும்போது ஏதாவது ஒரு சந்தில் வீட்டையே கழற்றி வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

தெரு முனைகளில் தூண்மேல் சின்னக் கோபுரம் போல ஒன்று நிற்கும், சபூத்ரோ. பறவைகளுக்குத் தானியம் போடுவதற்கு. மரம் நட இடமில்லாத தெருவில் அதுதான் பறவைகளுக்கான இடம். பாப்பா எண்ணிக்கொண்டே வரட்டும்.

சோமனூர் தறிவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மகள் இதையெல்லாம் நோட்டுல எழுதிட்டா. மாணேக்நாத் கட்சிதானாம், மாமா சொன்ன மாதிரியே.

ஒரு சந்தேகம். எங்களுக்குக் கிடைக்கற நாள் ஞாயித்துக்கிழமை. கடையெல்லாம் தொறந்திருக்குமா? மசூதிக்கு எந்த நேரம் போகக் கூடாது? இன்னொண்ணு, லக்கின்னு ஒரு டீக்கடையில கல்லறைக்கு நடுவுல உக்காந்து டீ குடிப்பாங்கன்னு வீட்டுக்காரரு சொன்னாரு. நெசமாங்க? மாமியார்கிட்ட சொன்னா அந்தப் பக்கமே வர மாட்டாங்க.

மணிநகர் மாமா:

நிஜம்தான். சிதி சையத் மசூதிக்கு எதிர்ப்பக்கம். இடுகாட்டில் கடை வந்தது, கல்லறைகளை எடுக்காமல் சுற்றிலும் கம்பி கட்டிவிட்டு நடுவே மேஜை போட்டுவிட்டார்கள். தினமும் அவற்றுக்குப் பூ வைக்கிறார்கள். எம்.எஃப். ஹுசேன் அங்கே டீ குடிக்க வருவார், அவர் கொடுத்த ஓவியம் சுவரில் தொங்குகிறது. மஸ்கா பன்னும் டீயும் வாங்குங்கள். மாமியாரம்மாவிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சுவர் ஓரமாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் எதிரே உட்காருங்கள்.

ஞாயிறு என்றால் கொஞ்சம் மாற்ற வேண்டும். தங்கம், வெள்ளிக் கடைகள் சாத்தியிருக்கும், மாணேக் சௌக் பகலில் வெறிச்சென்று இருக்கும். நடப்பதற்கு அது நல்லதுதான், மோட்டார் சைக்கிள் தொல்லை குறையும். துணிக்கடை எத்தனை திறந்திருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமையை நம்பிச் சொல்ல மாட்டேன். டால்கர்வாட்டைச் சனிக்கிழமை சாயங்காலமே ஒரு மணி நேரம் பார்த்துவிடுங்கள், ரூமிலிருந்து தூரமில்லை. அதற்குப் பதில் ஞாயிறு மட்டும் நடக்கிற குஜரி பஜார் எல்லிஸ் பாலத்துக்கு அடியில் இருக்கிறது. பழைய பித்தளை, மரக்கட்டில், இரும்பு சாமான், ஆட்டுக்குட்டி கூட விற்பார்கள். துணி அச்சடிக்கிற பழைய மரக்கட்டைகள் அங்கே கண்ணில் படும். உங்கள் கை சும்மா இருக்காது. சிதி சையத் மசூதியிலிருந்து ஆட்டோவில் பக்கம்தான், மூன்று மணிக்கு அங்கே போய்விட்டு நாலரைக்கு மசூதிக்கு வாருங்கள். டிசம்பரில் அந்த நேரத்து வெயிலும் சன்னலுக்குச் சரியாகத்தான் இருக்கும்.

மசூதிக்குத் தொழுகை நேரங்களை மட்டும் தவிருங்கள். ஞாயிறு என்பதால் வெள்ளிக்கிழமை மத்தியானக் கூட்டம் உங்களுக்குக் கிடையாது.

நித்யா சொன்ன தனி வழிகாட்டி யோசனை சரி. மாமியாரம்மாவை நினைத்தால் அதுவே மேல். தோசை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லுங்கள், இந்த ஊரில் கேட்டால் போடுவார்கள். ஸ்டேஷன் வாசலிலேயே ஏறாமல் ரோட்டுக்கு வெளியே நடந்து வந்து ஏறுங்கள். போள் சந்துகளுக்குள் ஆட்டோ போகாது என்பதால், மாமியாரம்மாவுக்கு நடுவில் முடியாமல் போனால் ரிலீஃப் ரோடு அல்லது காந்தி ரோடு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். உள்ளே எங்கே நின்றாலும் இந்த இரண்டில் ஒன்று கிட்டத்தில் இருக்கும்.